பெயர் போடாத ஜெபக் கடிதம்

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அடுத்த வீட்டுச் சங்கதியைச் சொல்ல நாக்கு துடித்தால், "ஜெபத்துக்காகச் சொல்றேன்" என்று ஆரம்பித்துவிட்டால் போதும். அப்புறம் யார் யாரைக் காதலிக்கிறார்கள், யாருடைய அப்பா குடிக்கிறார், யாருக்கு எத்தனை பேப்பர் போயிற்று என்று தாராளமாகச் சொல்லலாம். கடைசியில் ஓர் ஆமென் போட்டால் வம்பெல்லாம் விண்ணப்பமாகிவிடும். கல்லூரி மாணவர்கள் நடுவே பதினோரு வருடமாக ஊழியம் செய்கிறேன். இந்த வியாதியைக் கண்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் ஒரு சட்டம் போட்டிருந்தேன்: எதைச் சொன்னாலும் பெயரைச் சொல்லக் கூடாது. அதை ரொம்பப் புத்திசாலித்தனமான சட்டம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் வியாழக்கிழமை மாலை நாலரைக்கு. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை. சும்மா கிடக்கிறதே என்று கடைக்கார அம்மா கொடுத்தது. இருபத்திரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு வெள்ளைப் பலகை, சுற்றுவதைவிட முனகுவது அதிகமான ஒரு மின்விசிறி. கீழே மெஷின் ஓடினால் மேலே தரை அதிரும். அந்த அதிர்விலேயே வேதம் படிப்போம், கேள்வி கேட்போம், பாடுவோம். பரீட்சைக்குப் பயந்தவர்களைத் தட்டிக்கொடுப்பதும் காதல் தோல்விக்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பதும் என் வேலையில் சேர்த்திதான். எல்லோருக்கும் நான் அக்கா.

அவர்களில் ஒருத்தி ஸ்கேல். இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். ஆள் நெடுநெடுவென்று ஒல்லி. நோட்டில் ஓரக்கோடு போடாமல் ஒரு வரி எழுத மாட்டாள். விடுதிப் பெண்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. போன் செய்தால் அவளே, "ஸ்கேல் பேசுறேன்கா" என்பாள்.

அந்த மாதம் முதல் வியாழக்கிழமை எல்லோரும் போன பிறகு நின்று நாற்காலிகளை அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், ஐந்து வாரமாக வகுப்புக்கே போகவில்லை என்று. தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு விடுதியிலிருந்து கிளம்புவாளாம். நேரே பொது நூலகம். ரிட்டையர் ஆனவர்களுக்கு நடுவே பேப்பர் பகுதியில் ஐந்து மணி வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்புவாளாம். அம்மாவுக்குத் தெரியாது.

அம்மா பள்ளி யூனிஃபார்ம் தைக்கும் கடையில் காஜா எடுத்து பட்டன் வைக்கிறவர். இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது அவர்கள் ஊர். ஒன்பது வருடம் கேட்டுக் கேட்டுப் பிறந்த ஒரே பிள்ளை இவள். ஒவ்வொரு பரீட்சைக்கும் இவளுடைய ஹால் டிக்கெட் நம்பரைத் தன் வேதப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி, அதன் மேல் விரலை வைத்து ஜெபிப்பாராம்.

"அந்தப் பக்கத்துல இப்போ எடமே இல்லக்கா," என்றாள். "அம்மாகிட்ட நானே சொல்லணும். இருபதாம் தேதி ஊருக்குப் போறேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்."

என் வாய்க்குப் பூட்டு என்று சொன்னேன். அவள் தோளில் கை வைத்து ஜெபித்தேன். நன்றாகவே ஜெபித்தேன், அவள் அழுதாள், நானும் கொஞ்சம் அழுதேன். அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

மாதாமாதம் முதல் வாரத்தில் நான் ஒரு ஜெபக் கடிதம் அனுப்ப வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போகும். எங்கள் வேலைக்காக வீட்டிலும் சபையிலும் ஜெபிக்கிறவர்கள். அந்த மாதம் எழுத ஒரு மண்ணும் இல்லை. பரீட்சைக் காலம், கூட்டத்துக்கு வந்ததே ஏழு பேர். 'ஏழு பேர் வந்தார்கள், மின்விசிறி முனகியது' என்றா எழுத முடியும்? சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, 'ஒரு மாணவி' என்று ஆரம்பித்தேன். ஐந்து வாரம், நூலகம், அம்மா, முதல் பக்கம், இடமில்லாத எண்கள். பெயர் போடவில்லை, கல்லூரி போடவில்லை, ஊர் போடவில்லை. என் சட்டத்தை நானே மீறுவேனா?

என் வீட்டுக்காரர் இயற்பியல் வாத்தியார். கடிதத்தில் எழுத்துப்பிழை பார்ப்பது அவர் பொறுப்பு. படித்துவிட்டு, போன மாதம் போல வறட்சியாக இல்லை, மனசைத் தொடுகிறது என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், அனுப்பும்போது அந்தப் பிள்ளையை நினைக்கவில்லை. படிக்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை காலை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"நீங்க எழுதின லெட்டர்ல ஒரு அம்மா வர்றாங்கல்ல," என்றது ஒரு பெண் குரல். "அது நான்தான்மா."

அவர் நிதானமாகவே சொன்னார். என் கடிதம் போகும் போதகர்களில் அவர்கள் சபைப் போதகரும் ஒருவர். புதன்கிழமை பெண்கள் ஜெபத்தில் போதகர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி, கடிதத்தை இவர் கையில் கொடுத்திருக்கிறார். படிக்கிற பிள்ளைகளுக்காக இவரைப் போல் ஜெபிக்க அந்தச் சபையில் ஆளில்லையாம். இவரும் யாரோ பெற்ற அந்தப் பிள்ளைக்காகவும், ஒன்றும் தெரியாமல் இருக்கும் அந்தத் தாய்க்காகவும் சத்தமாக அழுது ஜெபித்திருக்கிறார். விட்டுவிடாமல் தினமும் ஜெபிக்க வேண்டும் என்று கடிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போய், முழுதாகப் படித்திருக்கிறார். முதல் பக்கத்து எண்கள் வரும் வரி வரை.

கடிதத்தின் அடியில் என் போன் எண் இருந்ததால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். மகளிடம் இன்னும் பேசவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அவளுக்கு உடம்புக்கு ஏதாவதாம்மா?"

இல்லை என்றேன்.

"அப்போ எதுக்காகப் போகலையாம்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை. நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அந்தப் பிள்ளையின் கதையை எழுதியவள், ஏன் என்ற ஒரு கேள்வியை அவளிடம் கேட்டிருக்கவில்லை. அவளிடமே கேளுங்கள் என்று முணுமுணுத்தேன். பஸ் ஏறப் போவதாகவும் இரண்டு மணிக்கு வந்துவிடுவதாகவும் சொல்லிவிட்டு வைத்தார். கூட்ட அறைக்கு வழி சொன்னேன்.

வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். நல்லா இருக்கு என்று நானும்தானே சொன்னேன் என்றார் பாவம். பிறகு, அந்த அம்மாவிடம் கெஞ்சிப் பார்க்கலாமே, இருபதாம் தேதி வரை தெரியாத மாதிரி இருக்கச் சொல்லலாமே என்றார். அது எனக்கும் முதலிலேயே தோன்றியதுதான். மகள் தானாகச் சொன்ன மாதிரி இருக்கும், என் பெயரும் கெடாது. அந்த எண்ணைத் திரும்ப அழுத்தக்கூடச் செய்தேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். என் மானத்தைக் காப்பாற்ற ஒரு தாயை நடிக்கச் சொல்வதா? அதற்கும் ஜெபம் என்று பெயர் வைத்துவிடுவேன் போலிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன்.

பேப்பர் பகுதியில் ஜன்னலோரமாக இருந்தாள். எதிரே ஒருவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது. வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப் போய், நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். முதலில், உன் பெயரைப் போடவில்லை என்றுதான் ஆரம்பித்தேன். சப்பைக்கட்டு கட்டுவதில் எனக்கு நல்ல பயிற்சி.

அவள் கத்தவில்லை. பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"என்னால செய்ய முடிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சுக்கா. அம்மாகிட்ட நானா போய் சொல்றது. அதையும் நீங்களே செஞ்சுட்டீங்க."

மன்னித்துக்கொள் என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்காமல் நிற்க வேண்டியிருந்தது. பேசியே பிழைப்பு நடத்துகிறவளுக்கு அது லேசில்லை.

பிறகு அவளே கேட்டாள், எதற்காக வகுப்புக்குப் போகவில்லை என்று எழுதினேனா என்று. இல்லை, எனக்கே தெரியாதே, நான்தான் கேட்கவில்லையே என்றேன்.

"ஆமா, கேக்கல," என்றாள். "நேரா ஜெபம் பண்ணிட்டீங்க."

பதினோரு வருடத்தில் என் ஊழியத்தைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. முகம் சுட்டது. அப்போதாவது கேட்டிருக்கலாம்; கேட்கத்தான் ஆசை. ஆனால் அவள் முகம் எதையோ யோசிக்க ஆரம்பித்திருந்தது. குறுக்கே போகவில்லை.

"அப்போ அந்தக் காரணம் இன்னும் எங்கிட்டதான் இருக்கு," என்றாள் மெதுவாக. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

அம்மா இரண்டு மணிக்குச் சரியாக மாடியேறி வந்தார். மகளின் தோளுக்குக்கூட வராத உயரம். ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய விரல்கள். நான் எதிர்பார்த்த அழுகை, கன்னத்தில் ஓர் அறை, கட்டிப்பிடிப்பு எதுவும் நடக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றாள் இவள். இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

படிக்கட்டில் உட்கார்ந்தேன். கீழிருந்து கடைக்கார அம்மா எட்டிப் பார்த்து, யார் அது, ஏதாவது பிரச்சினையா, சொன்னால் நானும் ஜெபிப்பேனே என்றார். எனக்குத் தெரியாதும்மா என்றேன். அன்றைக்கு முன்னால் இந்தப் பதிலை நான் யாருக்கும் சொன்னதாக நினைவில்லை. அவர் நம்பவில்லை.

உள்ளே ரொம்ப நேரம் மகளின் குரல் மட்டும் கேட்டது. வார்த்தைகள் புரியவில்லை. ஒரே ஒரு தடவை அம்மாவின் குரல் உயர்ந்தது. உடனே கீழே யாரோ புத்தகம் முழுவதையும் ஜெராக்ஸ் எடுக்க ஆரம்பித்தார்கள். அந்த மெஷினுக்கு நான் நன்றி சொன்னேன். ஒட்டுக் கேட்கும் ஆசை எனக்குச் சுத்தமாக இல்லை என்று சொன்னால் அது பொய்.

மூன்று மணிக்குக் கதவு திறந்தது. ஸ்கேலின் கண்கள் வீங்கியிருந்தன.

"அம்மா ஜெபம் பண்ணணுமாம். உங்களையும் கூப்பிடுறாங்க," என்றாள். "நீங்க பண்ண வேணாம்கா. சும்மா நில்லுங்க."

சும்மா நின்றேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். சபையில் பிரமாதமாக ஜெபிக்கிறவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் இது அரை நிமிஷம்கூட இல்லை.

"ஆண்டவரே, யாரோ ஒரு பிள்ளைன்னு நெனச்சு எல்லார் முன்னாலயும் அழுதேன். அது என் பிள்ளைதான்னு காட்டினீர். ஆனா என்ன கஷ்டம்னு இவ வாயாலேயே கேக்க வெச்சீரே, அதுக்கு ஸ்தோத்திரம். மத்தத நீரே பாத்துக்கும்."

என்ன கஷ்டம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த அறையில் தெரியாமல் நின்றது நான் ஒருத்திதான். அதுதான் நியாயம் என்று பட்டது, பட்டாலும் வலித்தது.

அடுத்த மாதக் கடிதத்தில் நான் செய்த தவற்றை எழுதினேன், அவள் கதையை விட்டுவிட்டு என் கதையாக. ஒன்பது பேர் ஆறுதலாகப் பதில் போட்டார்கள். நாலு பேர், அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள், ஜெபத்துக்காகத்தான் கேட்கிறோம் என்று எழுதினார்கள். நாலு பேருக்கும் ஒரே பதில்தான் அனுப்பினேன்: எனக்குத் தெரியாது.

அந்த வியாழக்கிழமை, ஜெபம் முடிந்ததும் அம்மாவும் மகளும் சேர்ந்து ஊருக்குக் கிளம்பினார்கள். பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். அம்மா முன்னால் ஏறி இடம் பிடிக்கப் போனார். ஸ்கேல் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இனிமே உங்ககிட்ட எதையும் சொல்ல மாட்டேன்கா."

சரி என்றேன்.

"ஆனா வியாழக்கிழமை வருவேன்."

மூன்று வாரம் கழித்து வந்தாள். கல்லூரியில் பேசி வேறு பிரிவுக்கு மாறியிருப்பதாக மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. அதன் பிறகு ஒரு வாரம் தவறவில்லை. கேள்வி கேட்பாள், பாடுவாள், என் ஜோக்குக்குச் சில சமயம் சிரிப்பாள். கூட்டம் முடிகையில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் விண்ணப்பம் எழுதித் தரச் சொல்வேன். எல்லோரும் எழுதுவார்கள். அவள் தன் சீட்டை நாலாக மடித்து, ஒன்றும் எழுதாமல் என் கையில் வைப்பாள். கேட்கும் உரிமையை நான் தொலைத்துவிட்டேன், அது அவளுக்கும் தெரியும். வேண்டாம் என்று நினைத்தால் சீட்டே தராமல் போயிருக்கலாம். வாரம் முழுக்க மற்றச் சீட்டுகளுக்கு முன்னால் அந்த வெறுஞ்சீட்டைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு ஜெபிக்கிறேன்.