முப்பத்தெட்டு புள்ளி நான்கு

2020 ஏப்ரல் 6, திங்கட்கிழமை. விடியற்காலையில் புல்லின்மேல் பனி உறைந்து கிடந்தது. ஏழு மணிக்கு வெயில் வந்தது. ஆயினும் டான்யூப் ஆற்றுப் பக்கமிருந்து வீசிய காற்று அந்த வெயிலைச் சற்றும் மதிக்கவில்லை.

அதற்கு ஒரு மணி நேரம் முன்பு, ஸ்லாவ்கா வெப்பமானியைச் சமையலறை விளக்கடியில் பிடித்து மூன்றாம் முறையாகப் பார்த்திருந்தாள். பாதரசம் முப்பத்தெட்டு புள்ளி நான்கில் நின்றது. மூன்று முறையும் அங்கேயேதான் நின்றது.

"எவ்வளவு?" என்று உள்ளறையிலிருந்து அவள் கணவன் ரங்கெல் கேட்டான்.

"முப்பத்தேழு அஞ்சு இருக்கும்போல," என்று சொல்லிக்கொண்டே அவள் வெப்பமானியை உதறிப் பாதரசத்தை இறக்கினாள்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இரண்டு தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. ரங்கெலுக்குக் குடலில் புற்றுநோய் என்று சொன்ன குளிர்காலத்தில், மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு தந்த இளஞ்சிவப்புத் தாள் ஒன்று. மருந்து ஏற்றிக்கொண்டவருக்குக் காய்ச்சல் முப்பத்தெட்டைத் தொட்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் வந்துவிட வேண்டும் என்றது அது. மற்றது, கொரோனா வந்தபின் தந்த வெள்ளைத் தாள். காய்ச்சல் முப்பத்தேழு புள்ளி மூன்றைத் தாண்டியவர் எக்காரணம் கொண்டும் வரக் கூடாது, வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்றது இது. இரண்டிலும் ஒரே முத்திரை. இரண்டிலும் ஒரே இயக்குநரின் கையெழுத்து.

ஸ்லாவ்கா பள்ளிச் சமையற்கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகள் முந்நூறு பிள்ளைகளுக்குச் சூப் ஊற்றியவள். எழுதியதை எழுதியபடி செய்வது அவள் வழக்கம். ஆனால் இன்று எதை எழுதியபடி செய்வது என்று அவளுக்கு விளங்கவில்லை.

அவள் குடும்ப மருத்துவரை அழைத்தாள்.

"இங்க கூட்டிட்டு வராதீங்க," என்றார் அவர் தூக்கக் குரலில். "புற்றுநோய்ப் பிரிவுக்குப் போங்க."

"அங்க வாசல்லயே நிறுத்திடுவாங்களே?"

"அப்ப போகாதீங்க. போன் பண்ணிக் கேளுங்க."

புற்றுநோய்ப் பிரிவின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை.

வாசலில் காய்ச்சலோடு பிடிபட்டவர்களைக் கொரோனாக்காரர்களை வைத்திருந்த பின்கட்டடத்துக்கு அனுப்பினார்கள் என்பது ஊரறிந்த செய்தி. அங்கே இருமுகிறவர்களுக்கு நடுவில் இவனைப் படுக்க வைத்தால், மருந்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியெல்லாம் வடிந்துபோன இவன் எப்படித் திரும்பி வருவான்? ஏற்கெனவே மார்ச் மாதத்தில் பிரிவை மூடிவைத்ததால் ஒரு முறை மருந்து தவறிப்போயிற்று. இன்று ஏற்ற வேண்டியது ஆறாவது. இதுவும் தவறினால் என்ன ஆகும்?

ஆகவே அவள் அடுக்களை மேல்தட்டிலிருந்து அண்ணன் காய்ச்சிக் கொடுத்த ரக்கியாவை எடுத்தாள். அந்தத் திராட்சைச் சாராயத்தில் இரண்டு ஆஸ்பிரின் மாத்திரைகளைப் பொடித்துக் கலந்தாள். அவள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சலை இறக்கியது இப்படித்தான். நெஞ்சிலும் முதுகிலும் உள்ளங்காலிலும் அழுத்தித் தேய்த்தாள். வினிகரில் நனைத்த காலுறைகளை மாட்டிவிட்டாள்.

"குடிக்க வேண்டியத இப்படித் தோல்ல ஊத்துறியே. உனக்கு நரகந்தான்," என்றான் ரங்கெல், பற்கள் தந்தியடிக்க.

"வாய மூடு. கால நீட்டு."

"உள்ளயும் ஒரு மடக்குப் போனாத்தானே ரெண்டு பக்கமும் சரியா இருக்கும்."

"உள்ள போனா ஊதிக்காட்டச் சொல்லுவாங்க. நீட்டு கால."

எட்டரை மணிக்கு மருத்துவமனை வாசலில் போட்டிருந்த கூடாரத்தின்முன் அவர்கள் நின்றார்கள். பென்கா என்ற செவிலி, தலை முதல் கால் வரை வெள்ளை உறைக்குள் இருந்தபடி, காய்ச்சல் பார்க்கும் கருவியை ரங்கெலின் நெற்றிக்கு நேரே நீட்டினாள். குளிர்காற்றில் கால்மணி நேரம் நின்ற நெற்றி அது. முப்பத்தாறு புள்ளி ஆறு காட்டியது.

ஸ்லாவ்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சாராய வாசனை காட்டிக்கொடுத்துவிடுமோ என்பதே அவளுடைய அச்சம். ஆனால் பென்கா மேசைமேலிருந்த தெளிப்பானை எடுத்து அவர்கள் கைகளில் பீய்ச்சியபோது, அதிலிருந்தும் அதே வாசனைதான் எழுந்தது.

"கிருமிநாசினி தீந்துபோச்சு அக்கா," என்றாள் பென்கா. "ஊர்க்காரங்க வீட்டுல காய்ச்சினதத்தான் கொண்டுவந்து குடுத்தாங்க. ஒரு வாரமா ஆஸ்பத்திரியே கல்யாண வீடு மாதிரி மணக்குது."

"கல்யாண வீட்டுல உட்காரவாவது சொல்லுவாங்க," என்றான் ரங்கெல்.

"உள்ள நாற்காலி இருக்கு, போங்க. அக்கா, நீங்க வெளியதான்."

அவன் போனான். கதவு மூடிற்று. ஸ்லாவ்கா காரில் வந்து உட்கார்ந்தாள். நினைத்தது நடந்துவிட்டது, ஆனால் மனம் நிலைகொள்ளவில்லை. கைப்பையில் திணித்து வந்த இளஞ்சிவப்புத் தாளை எடுத்து, வேறு வேலை இல்லாததால், அதன் பின்பக்கத்தைப் படித்தாள். காய்ச்சல் இருக்கும்போது மருந்து ஏற்றினால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே காய்ச்சலை ஒருபோதும் மறைக்காதீர்கள் என்று அங்கே தடித்த எழுத்தில் இருந்தது.

மருந்துக்கு முன் இரத்தம் பார்ப்பார்களே என்று ஒரு கணம் தேறினாள். உடனே நினைவு வந்தது: மருத்துவமனையில் நேரம் கழிப்பதைக் குறைக்க வேண்டும் என்று, இரத்தத்தை வெள்ளிக்கிழமையே ஊருக்குள் ஓர் ஆய்வுக்கூடத்தில் எடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை இரத்தத்துக்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் எப்படித் தெரியும்?

ரங்கெலின் கைபேசியை அழைத்தாள். அது பின்இருக்கையில், அவன் விட்டுச்சென்ற கோட்டுக்குள் அடித்தது.

சொன்னால் பின்கட்டடம். சொல்லாவிட்டால் மருந்து. இரண்டில் எது அவனைக் கொல்லும், எது காக்கும்? அவள் கூடாரம் வரை நடந்தாள், காருக்குத் திரும்பினாள், மறுபடி நடந்தாள்.

"என்ன அக்கா, வாக்கிங்கா?" என்றாள் பென்கா.

அவள் காருக்குத் திரும்பினாள். மூன்றாம் முறை போனபோது கால்கள் திரும்ப மறுத்தன.

"சிஸ்டர், அந்த முப்பத்தாறு ஆறு பொய்."

"மெஷின் பொய் சொல்லாது அக்கா."

"மெஷின் சொல்லல. நான் சொல்ல வச்சேன். சாராயம் தேச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

பென்காவின் கண்கள் மட்டுமே வெளியே தெரிந்தன. அவை அகன்றன. "எங்க தேச்சீங்க?"

"நெஞ்சுல, முதுகுல, உள்ளங்கால்ல. சாக்ஸ்ல வினிகர் வேற."

"உண்மையில எவ்வளவு இருந்துச்சு?"

"முப்பத்தேழு..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். அந்தப் பொய் நாக்கில் பழகிப்போயிருந்தது. "முப்பத்தெட்டு நாலு. காலைல ஆறு மணிக்கு."

பென்கா உள்தொலைபேசியைப் பிடுங்கி எடுத்து, மருந்தை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். மறுமுனை ஏதோ கேட்டது. "ரங்கெல். மூணாவது நாற்காலி. ஆமா, வினிகர் நாத்தம் அடிக்கிறவர்தான்," என்றாள். பிறகு மறுமுனை சொல்வதைக் கேட்டாள். ஸ்லாவ்கா கூடாரத்தின் கம்பத்தைப் பற்றிக்கொண்டாள்.

"ஊசி குத்தியாச்சாம். மருந்து இன்னும் திறந்துவிடலயாம்," என்று சொல்லிவிட்டுப் பென்கா உத்தரவுகளின் கோப்பைப் புரட்டத் தொடங்கினாள். முன்னே புரட்டினாள், பின்னே புரட்டினாள். "வாசல்ல காய்ச்சலோட பிடிபட்டா பின்கட்டடம். ஆனா இவரு வாசல்ல பிடிபடல. உள்ளதான் இருக்காரு. உள்ள இருக்கிறவருக்குக் காய்ச்சல்னா எந்தத் தாளு? ஒண்ணும் போடலியே."

"அப்ப என்ன செய்வீங்க?"

"தெரியல அக்கா. சத்தியமா தெரியல."

சற்று நேரத்தில் இரண்டாம் மாடிச் சன்னல் ஒன்று திறந்தது. பிரிவின் தலைவி டாக்டர் கம்புரோவா முகக்கவசத்தோடு எட்டிப் பார்த்தார்.

"சாராயம் தேச்சது யாரு?"

வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, ஸ்லாவ்கா கையை உயர்த்தினாள்.

"துணி அடுக்குற அறையக் காலி பண்ணிட்டோம். உங்க ஆள அங்க தனியா வச்சிருக்கோம். மூக்குல பஞ்சு விட்டு எடுத்தாச்சு, ரத்தம் எடுத்தாச்சு. வெள்ளை அணு ரொம்பக் கம்மி. ஆன்டிபயாட்டிக் போடப்போறோம்."

"ஆறாவது மருந்து, டாக்டர்?"

"இன்னிக்குக் கிடையாது. ஏத்தியிருந்தா ஏழாவதே கிடையாது."

ஸ்லாவ்கா அந்தச் சொற்களைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "அப்ப நான் செஞ்சது தப்புங்களா?"

"மடத்தனம்."

"வாசல்லயே சொல்லியிருந்தா?"

டாக்டர் பின்கட்டடத்தின் பக்கம் பார்த்தார். "அங்க அனுப்பியிருப்பாங்க. அங்க இடமும் இல்ல, எங்க நர்சும் இல்ல."

"அப்ப செஞ்சது சரிதானே?"

"இல்ல."

"அப்ப எதுதான் சரி, டாக்டரம்மா?"

"அடுத்த தடவ இந்தச் சன்னலுக்குக் கீழ வந்து நின்னு கத்துங்க. எந்தத் தாளையும் பார்க்காதீங்க," என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார்.

தான் கணவனைக் காப்பாற்றினாளா, கொல்லப் பார்த்தாளா என்பது ஸ்லாவ்காவுக்கு விளங்கவில்லை. மூக்கிலிருந்து எடுத்ததன் முடிவு வர இரண்டு நாளாகும் என்றார்கள். அதுவரை எதுவும் விளங்கப்போவதில்லை.

தரைத்தளத்தின் கோடியில் துணி அடுக்கும் அறையின் சிறிய சன்னல் இருந்தது. அங்கே ரங்கெலின் தலை தெரிந்தது; பக்கத்தில் ஒரு கம்பியில் தெளிந்த நீர்ப்பை தொங்கியது. அவன் குழாய் செருகிய கையைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு, மற்ற கையால் சன்னலைச் சற்றே திறந்தான்.

"முப்பத்தேழு அஞ்சுன்னு சொன்னியே?" என்றான்.

"விளக்கு வெளிச்சம் பத்தல."

"சாக்ஸ கழட்டித் தூரப் போட்டுட்டாங்க."

"புதுசு அது. திருப்பிக் கேளு."

அவன் சிரித்தான்; சிரிப்பு நடுக்கமாக முடிந்தது. உள்ளே ஒரு கை வந்து சன்னலைச் சாத்திவிட்டு, குழாயிலிருந்த சிறு சக்கரத்தைத் திருகியது. ஆன்டிபயாட்டிக்கின் முதல் சொட்டு இறங்குவதை ஸ்லாவ்கா கண்ணாடி வழியே பார்த்தாள். கூடாரத்தில் பென்கா, ரங்கெலை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்று தெரியாமல், பதிவேட்டின் ஓரத்தில் நேரத்தை மட்டும் குறித்தாள்: காலை பத்து மணி நாற்பத்தேழு நிமிடம்.