சோதனை, நாளை காலை எட்டு மணி

போர்வையை மூணாவது தடவை இழுத்தப்பதான் அக்கா ஒரே ஒரு கண்ணைத் திறந்தா.

"என்னடி?"

"அக்கா, நான் அறுநூத்தி நாப்பது வீட்டைக் கலங்க அடிச்சுட்டேன்."

ரெண்டாவது கண்ணும் திறந்துச்சு.

வீட்ல அவளுக்குப் பேரு சின்னது. பதினாறு முடிஞ்சும் சின்னதுதான். மூணு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டு ஸ்கூலுக்காக அவளே ஒரு வெப்சைட் செஞ்சிருந்தா. அறிவிப்பை எழுதி ஒரு பட்டனைத் தட்டினா போதும், எல்லா அப்பா அம்மா போனுக்கும் மெசேஜ் போயிடும். ஹெட்மிஸ்ட்ரஸ் லேசுல ஒத்துக்கலை. அந்தம்மா முதுகு வளையாம நடக்கற நடைக்குப் பிள்ளைங்க வெச்ச பேரு ஸ்கேல். கடைசியில ஸ்கேல் ரெண்டே ரெண்டு கண்டிஷன் போட்டாங்க. ஒண்ணு, சைட்ல எல்லாம் நல்ல தமிழ்ல இருக்கணும். ரெண்டு, "ஒரே ஒரு தப்பு மெசேஜ் போகட்டும், அன்னைக்கே பாஸ்வேர்டை வாங்கிப்பேன். பழையபடி பேப்பர் நோட்டீஸ்தான்."

அந்த ரெண்டாவது கண்டிஷன்தான் இப்போ அவளைத் தூங்க விடலை. தன் கையால செஞ்ச ஒரே சாமான். நாளைக்குப் பிடுங்கிப்பாங்க.

அக்காவுக்கு ஒரு கம்பெனியில டெஸ்டர் வேலை. அடுத்தவங்க செஞ்ச சைட்டை நோண்டி நோண்டித் தப்பு கண்டுபிடிக்கறதுக்குச் சம்பளம். வீட்ல அதையே ஓசியில செய்யறான்னு அம்மா சொல்லுவாங்க.

"மூக்கைத் துடை. வரிசையா சொல்லு. என்ன செஞ்ச, என்ன நடக்கும்னு நினைச்ச, என்ன நடந்துச்சு?"

"தேதியும் நேரமும் போடற பெட்டி ஒழுங்கா இருக்கான்னு சாயங்காலம் பாத்தேன். டெஸ்ட் சைட்லதான் பாத்தேன். அதாவது, டெஸ்ட் சைட்னு நினைச்சுப் பாத்தேன்."

அவகிட்ட சைட் ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு பழகிப் பாக்க. அதுல என்ன தட்டினாலும் ஒருத்தருக்கும் போகாது. இன்னொண்ணு நிஜம். ரெண்டுக்கும் ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி ஒரே மூஞ்சி, ஒரே சட்டை. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வெச்சிருந்தா.

"என்னன்னு எழுதின?"

"சோதனை. நாளை காலை எட்டு மணி."

அக்கா எழுந்தே உக்காந்துட்டா. "என்ன சோதனை?"

"சும்மா சோதனைக்கா! டெஸ்ட் பண்றோமே, அந்தச் சோதனை. நல்ல தமிழ்ல எழுதணும்னாங்களே, வேற என்னத்தை எழுதறது?"

போனை நீட்டினா. கிளாஸ் குரூப்ல மெசேஜ் கொட்டிட்டு இருந்துச்சு. பாதிப் பேரு பரீட்சைன்னு எடுத்துக்கிட்டு, எந்தப் பாடம்னு தெரியாம எல்லாத்தையும் உருட்டிட்டு இருக்காங்க. மீதிப் பேரு பையைச் சோதனை போடப் போறாங்கன்னு ஆளுக்கு ஒண்ணை ஒளிச்சிட்டு இருக்காங்க. ஏழாங்கிளாஸ் பையன் ஒருத்தன் தினமும் பையில கூட்டிட்டு வர ஆமைக்குட்டிக்கு நாளைக்கு ஒருநாள் மட்டும் இடம் கேட்டு அலையறானாம்.

"அம்மா ஏன் உன் தட்டைப் பிடுங்கினாங்கன்னு இப்பதான் புரியுது," ன்னா அக்கா.

"அம்மாவுக்கு அது ரத்தச் சோதனையாம். வெறும் வயித்துல போகணுமாம். பசி வேற உசிரை வாங்குதுக்கா."

அக்கா தலைகாணியை வாயில அமுக்கிக்கிட்டுக் குலுங்கினா.

"சிரிக்காதேக்கா! ஸ்கேல் என்ன நினைச்சிருக்காங்க தெரியுமா? மேலிடத்துல இருந்து ஸ்கூலையே சோதனை போட வராங்களாம். டீச்சர்ங்களை எல்லாம் ஏழு மணிக்கே வரச் சொல்லியிருக்காங்க, ஜன்னல் துடைக்க. என்னை விட்டா பாஸ்வேர்ட் தெரிஞ்ச கிளார்க் சார்தான் அந்த மெசேஜை அனுப்பினார்னு நம்பிட்டு இருக்காங்க." குரலைத் தாழ்த்தினா. "பேசாம அப்படியே விட்டுடவா? அவருக்குத் திட்டு வாங்கிப் பழக்கம்தான்."

அக்கா அவ காதைப் பிடிச்சுத் திருகினா.

"சரி சரி, ஒரு பேச்சுக்குக் கேட்டேன். இப்பவே தப்புன்னு ஒரு மெசேஜ் அனுப்பிடறேன்."

"தொடாதே! பதட்டத்துல அனுப்பறதுதான் ரெண்டாவது தப்பு. எனக்கும் இப்படித்தான் ஆச்சு. ஒரு கடை சைட்ல டெஸ்ட்டுன்னு நினைச்சு தொண்ணூத்தொம்போது பிளாஸ்டிக் வாளி ஆர்டர் போட்டேன். விலாசம் என் மேனேஜர் வீடு. பதறிப்போய் நிறுத்தப் பாத்து இன்னொரு தொண்ணூத்தொம்போது போட்டேன்."

சின்னது யோசிச்சா. "நம்ம வீட்ல இருக்கற ஒம்போது நீல வாளி..."

"வாயை மூடு. லேப்டாப்பை எடு."

ரெண்டும் குழம்பாம இருக்க, டெஸ்ட் சைட்டோட பக்கம் முழுக்கச் செக்கச்செவேல்னு ஆச்சு. நிஜ சைட்ல பட்டனைத் தட்டினா, 'அறுநூற்று நாற்பது பேருக்கும் அனுப்பவா?'ன்னு ஒரு கேள்வி வந்து நிக்கற மாதிரி செஞ்சாங்க. அது போதும்னு அக்கா கொட்டாவி விட்டா. சின்னதுக்குப் போதலை.

"கேள்வி கேட்டாலும் அவசரத்துல 'ஆமா'ன்னு தட்டிடுவேன்க்கா. என்னைப் பத்தி எனக்குத் தெரியும். முதல்ல ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் போகட்டும். அவங்க படிச்சு சரின்னாதான் மத்தவங்களுக்குப் பூட்டு திறக்கும்."

"யாரு அந்த ஒரு ஆளு?"

அதை மட்டும் அவ சொல்லலை.

காலையில அம்மா கண்ணுல படாம ரெண்டு பிஸ்கட்டை வாயில திணிச்சுக்கிட்டு, ஏழு மணிக்கு முன்னாடியே ஸ்கூல்ல நின்னா. ஸ்கேல் நாற்காலி மேல ஏறி, கையில ஈரத் துணியோட ஜன்னல் துடைச்சிட்டு இருந்தாங்க. கீழ கிளார்க் நாற்காலியைப் பிடிச்சிட்டு நின்னார், என்ன குத்தம் செஞ்சோம்னே தெரியாத மூஞ்சியோட.

"மிஸ், யாரும் வரலை. அந்த மெசேஜ் நான் அனுப்பினது. சார் அனுப்பலை." ஒரே மூச்சுல கொட்டிட்டா. என்ன செஞ்சா, என்ன நடக்கும்னு நினைச்சா, என்ன நடந்துச்சு. முடிச்சுட்டு, பாஸ்வேர்ட் எழுதின பேப்பரை நீட்டினா.

ஸ்கேல் கீழ இறங்கினாங்க. துணியை மடிச்சு வெச்சாங்க. "நான் விடியறதுக்குள்ள பதினாறு ஜன்னல் துடைச்சிருக்கேன்," ன்னாங்க.

கிளார்க் நாற்காலியை விட்டுட்டு ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டார்.

"முதல்ல திருத்தம் அனுப்பு. கணக்கை அப்புறம் தீர்த்துக்கலாம்."

நேத்து வந்தது தப்பு, எந்தச் சோதனையும் இல்லைன்னு சின்னது டைப் பண்ணிப் பட்டனைத் தட்டினா. ஸ்கேலோட கைப்பையில இருந்து மட்டும் மணி அடிச்சுது. அவங்க கண்ணாடியை மாட்டிப் படிச்சாங்க. புருவம் ஏறிச்சு.

"இதென்ன, 'மண்ணிக்கவும்'? மூணு சுழி ண போட்டிருக்கே! மன்னிப்பு கேக்கற இடத்துல மண்ணைப் போட்டுட்டியே!"

சின்னதுக்குக் காது வரைக்கும் சூடாச்சு.

"இது எல்லா வீட்டுக்கும் போயிடுச்சா?"

"இல்லை மிஸ். முதல்ல உங்களுக்கு மட்டும்தான் வரும். நீங்க சரின்னாதான் மத்தவங்களுக்கு."

ஸ்கேல் போனையும் அவளையும் மாறி மாறிப் பாத்தாங்க. "நான் மட்டும் பாக்கலைன்னா?"

"பூட்டுதான் மிஸ். நகராது."

"திருத்தி அனுப்பு பாப்போம்."

ரெண்டாவதுல முற்றுப்புள்ளி இல்லைன்னு கண்டுபிடிச்சாங்க. முதுகு இன்னும் நிமிர்ந்துச்சு. மூணாவதை மூணு தடவை படிச்சாங்க. தப்பே இல்லை. முகம் கொஞ்சம் வாடிப்போச்சு.

"சரி," ன்னு அரைமனசா சொல்லிப் போனைத் தட்டினாங்க. அப்புறம்தான் அறுநூத்தி நாப்பது போனும் அடிச்சுது. அதுக்குள்ளயே சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு வெறும் வயித்தோட நாலு சின்னப் பசங்க கேட்டுல வந்து நின்னாச்சு.

சின்னது இன்னும் பேப்பரை நீட்டிக்கிட்டே இருந்தா. ஸ்கேல் அதை வாங்கிப் படிச்சு, நாலா மடிச்சு, அவ சட்டைப் பையிலயே சொருகினாங்க.

"தொலைச்சிடாதே. இனிமே எதுவா இருந்தாலும் எனக்கு முதல்ல வரணும். ராத்திரியா இருந்தாலும் சரி."

அப்போ ஸ்கூல் நம்பருக்கு முதல் பதில் வந்துச்சு. சின்னதோட அம்மாகிட்ட இருந்துதான். 'சரிங்க. அப்போ ரத்தச் சோதனை ரிசல்ட் என்னைக்கு வரும்?'

ஸ்கேல் படிச்சாங்க. உதட்டை அழுத்திப் பிடிச்சுக்கிட்டாங்க, இருந்தும் ஓரத்துல லேசா வளைஞ்சுடுச்சு.

"இதுக்கு நீயே பதில் எழுது," ன்னாங்க. "எனக்கு முதல்ல அனுப்பு."