ஏழாவது சொட்டு

தொட்டித் தண்ணீர் எடுத்த சோதனைக் குழாயை ஆட்டி ஆட்டிக் காலிதா மருந்துச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். நீலமாகக் கிடந்த தண்ணீர் ஏழாவது சொட்டிலேயே மஞ்சளாகத் திரும்பியது. அவள் கை அப்படியே நின்றது. இத்தனை மாதமாக எட்டுச் சொட்டு விழாமல் அது மாறியதே இல்லை.

"ஏங்க, கொறஞ்சிருக்கு!"

கட்டிலில் கிடந்த அவள் புருஷன் மஹ்மூது கண்ணைத் திறந்தார். கிட்னி இரண்டும் கைவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவைத்த உடம்பு. சவுதியில் ஒரு அலங்கார மீன் கடையில் பாதி ஆயுளைக் கழித்தவர். பெரியபட்டினம் திரும்பியதும் கூடத்தில் சின்னக் கண்ணாடித் தொட்டி ஒன்று வைத்து, உப்புத் தண்ணீரில் பவளம் வளர்த்தார். போன மழைக்காலத்தில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கரண்டு போய், மோட்டார் நின்று, எல்லாம் வெளுத்துச் செத்தன. கட்டைவிரல் அளவுக் கிளை ஒன்று மட்டும் நிறம் போகாமல் நின்றது. அன்றிலிருந்து தொட்டி காலிதாவின் பொறுப்பு.

தண்ணீரின் ஆல்கலினிட்டியை, அதாவது அதிலிருக்கும் காரத்தை, உறிஞ்சித்தான் பவளம் தன் எலும்பைக் கட்டும். அது குறைந்தால் பவளம் வளர்கிறது. குறையாவிட்டால் சும்மா உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எத்தனை சொட்டில் நிறம் மாறுகிறதோ அத்தனை காரம். காலையில் எழுந்ததும் மஹ்மூது கேட்பது அந்த ஒன்றைத்தான். "எட்டுதாங்க" என்பாள். அவர் முகம் வாடுவதைப் பார்த்து ஒரு பொய் சொன்னால்தான் என்ன என்று நினைத்ததுண்டு. வாய் வரவில்லை.

"மெய்யாவா? என் மனசைத் தேத்தச் சொல்றியா?"

"ஒங்க கண்ணு முன்னாலயே போடுறேன், பாருங்க."

தலையணையை முட்டுக்கொடுத்து அவரை நிமிர்த்தினாள். புதிதாகத் தண்ணீர் எடுத்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே விட்டாள். ஏழில் மஞ்சள். மஹ்மூது சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அது அடங்கியும் சிரித்தார்.

"வீடு கட்ட ஆரம்பிச்சிருச்சு. ஜெயிச்சிட்ட, காலிதா."

"ஜெயிச்சிட்டோம்னு சொல்லுங்க."

"கொறஞ்ச காரத்துக்குச் சோடா உப்பைக் கரைச்சு விடு. ஒரேயடியா ஊத்திராத, செத்துரும்."

"தெரியும்ங்க. பேசாமப் படுங்க."

அவர் பேசாமல்தான் படுத்தார். மதியம் லுஹர் பாங்கு சொல்லும்போது அவர் உதட்டில் அவள் நனைத்த மக்காவின் ஜம்ஜம் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை.

ராமநாதபுரத்தில் செல்போன் கடை வைத்திருந்த மகன் அஃப்ரித் ஓடி வந்தான். மையித்தைக் கூடத்தில் கிடத்த வேண்டும். தொட்டி மோட்டார் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"உம்மா, இன்னைக்காவது இந்தச் சத்தம் நிக்கட்டும். வாப்பாவே போயிட்டாக, செத்த கல்லுக்கு எதுக்கு மோட்டாரு?" என்று பிளக்கைப் பிடித்தான்.

"கையை எடு."

கூடத்திலிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். அவள் அப்படிக் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"அது செத்த கல்லு இல்லடா. ஒங்க வாப்பா ஜெயிச்சிட்டுப் போயிருக்காக. அதை நான் தோக்க விடமாட்டேன்."

அஃப்ரித் கையை எடுத்தான். கட்டிலைத் தொட்டிக்கு இந்தப் பக்கமாக நகர்த்திப் போட்டார்கள். யாசீன் ஓதும் குரல்களுக்கு நடுவில் காலிதா வெள்ளை முக்காட்டோடு எழுந்து, சோடாவைக் கரைத்து, கரண்டி கரண்டியாகத் தொட்டியில் விட்டாள். ஒரு கரண்டிக்கும் அடுத்ததற்கும் இடையே காத்திருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நிமிர்ந்த முதுகு வளையாமல் கடைசிக் கரண்டிவரை நின்றாள்.

பொழுது சாய்ந்து, மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு அஃப்ரித் அடக்கம் முடிந்து வந்தான். உட்காராமல் நேரே தொட்டிக்கு முன்னால் போய் நின்றான்.

"எங்கன உம்மா வளந்திருக்கு?"

"அந்த நுனியைப் பாரு. வெள்ளையா, நெகம் முளைச்ச மாதிரி."

அவன் குந்தி உட்கார்ந்தான். முழங்காலில் அடக்கம் செய்த மையத்தாங்கரை மணல் ஒட்டியிருந்தது. மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. கைலி முனையால் அதைத் துடைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்தான்.