உள்ளூர்க்காரர்களுக்கு இடமில்லை

ஒக்கலிபுரத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த ஹாஸ்டலில் அடுக்குக் கட்டிலில் ஓர் இடத்தை ஆப்பில் புக் செய்துவிட்டுத்தான் ஜூடித் வந்திருந்தாள். கவுன்டரில் இருந்த கேசவ் அவள் ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மேடம், இதே ஊர் காக்ஸ் டவுன் அட்ரஸ் இருக்கு. லோக்கல் ஆளுங்களுக்கு பெட் தர்றதில்ல. ஓனர் ரூல்ஸ்."

"ஏன், இந்த ஊர்ல பொறந்தது குத்தமா?"

"வீட்ல சண்டை போட்டுட்டு வந்துடறாங்க மேடம். அப்புறம் புருஷன் வந்து ரகளை பண்றாரு, போலீஸ் வருது. எங்களுக்கு எதுக்கு பேஜாரு?"

சண்டை போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். அதனால் இன்னும் எரிந்தது. அவள் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளிக்குக் காலையில் அவள் கணவன் லாயிட் ஃபோன் செய்து, ஜூனிலிருந்து ஜூடித் வேலைக்கு வரமாட்டாள் என்று சொல்லிவிட்டான். பக்கவாதம் வந்து குவைத்திலிருந்து திரும்பும் அவன் அண்ணன் ஆம்ப்ரோஸைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டுமாம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சாரை ஒரு ஃபோன் பண்ணச் சொல்லுங்க மேடம்," என்றான் கேசவ், பெரிய சலுகை தருகிறவன்போல. "அவர் ஓகேன்னா பெட் தர்றேன்."

"நான் படுத்துத் தூங்கவும் அவர் ஓகே சொல்லணுமா? கேளு, நீயே கேளு!"

ஸ்பீக்கரைப் போட்டு ஃபோனைக் கவுன்டரில் வைத்தாள்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?" லாயிட்டின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. "ஸ்கூல்ல சொன்னது சொன்னதுதான். அழுது முடிச்சிட்டு வந்து சமையலைப் பாரு. உனக்குப் போக வேற எடம் ஏது?"

இணைப்பைத் துண்டித்தாள். கேசவ் தலை நிமிராமல் போர்வையையும் லாக்கர் சாவியையும் நகர்த்தி வைத்தான்.

"மேல் பெட், மேடம். பெட்ஷீட் நீங்களே விரிச்சுக்கணும்."

ஏணியில் ஏறி, பெட்ஷீட்டை உதறி விரித்தாள். அவள் சொன்னதற்கு மசியாத கேசவ், லாயிட்டின் குரலைக் கேட்டுத்தானே கட்டில் கொடுத்தான்! அந்த நினைப்பு நெஞ்சைப் பிறாண்டியது. உட்கார்ந்தால் தலை கூரையில் இடித்தது. குனிந்தபடியே தலைமையாசிரியை மௌரீனை அழைத்தாள்.

"மிஸ், ஜூடித் பேசறேன். காலைல யார் ஃபோன் பண்ணாங்களோ எனக்குத் தெரியாது. என் வேலையைப் பத்தி நான் மட்டும்தான் பேசுவேன். நாளைக்கு கிளாஸுக்கு வர்றேன், ஜூன்லயும் வருவேன்."

"உன்கிட்ட கேக்காம நான் எப்படிம்மா ஒத்துக்குவேன்?" என்றார் மௌரீன்.

அன்றைக்கு அவளிடம் கேட்க வேண்டும் என்று நினைத்த ஒரே ஆள். ஜூடித் அப்போதுதான் அழுதாள், பல்லைக் கடித்துக்கொண்டு.