உலையில் ஒரு பங்கு

இப்போதெல்லாம் ஒரு வாடிக்கையாளருக்கு எரிவாயு விடலாமா, நிறுத்தலாமா என்பதைக் கண் மூடித் திறப்பதற்குள் கம்ப்யூட்டர் சொல்லிவிடுகிறது. சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கள் காலத்தில் அதைச் சொன்னவர், நாங்கள் முசுடு என்று பெயர் வைத்திருந்த மனிதர். குழாய் வழியே எரிவாயு விடும் எங்கள் கம்பெனியில் கடன் தகுதிப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். எங்கள் அறைக்குக் கீழே கட்டுப்பாட்டு அறை. அங்கிருந்து வரும் இரைச்சலும், அதையும் மீறி முசுடு விடும் கொட்டாவியும் இல்லாமல் எனக்கு இன்றைக்கும் காது வெறிச்சென்று இருக்கிறது.

விதி எளிது. வாடிக்கையாளரின் கடன் தகுதி மதிப்பெண் இறங்கினால் மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். இல்லையா, தகுதியுள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் வால்வை மூடிவிடுவோம்.

ஒரு வருடம், கண்ணாடித் தொழிற்சாலை நடத்திய, நாங்கள் அக்கா என்றே கூப்பிட்ட வாடிக்கையாளருக்கு மதிப்பெண் சரிந்தது. அவரிடம் சரக்கு வாங்கிய பெரிய கடை திவாலாகி அவரையும் கவிழ்த்துவிட்டது. கண்ணாடி உலையை அணையவே விடக் கூடாது. அணைந்தால் உருகிய கண்ணாடி உள்ளேயே உறைந்து, செங்கல்லெல்லாம் வெடித்து, உலை குப்பையாகிவிடும். அது அவருடைய அப்பா மூட்டிய உலை.

அதே குழாயில் அடுத்த கிளை, அவருடைய கூடப்பிறந்த தம்பியின் கூரை ஓட்டுத் தொழிற்சாலை. தகுதியில் தம்பி தங்கம். ஆனால் சொத்துப் பிரித்த அன்று, அந்த உலையில் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று வீசிவிட்டுப் போனவர். அவனிடம் கையேந்துவதைவிட உலை அணையட்டும் என்று அக்கா எங்கள் முகத்துக்கு நேரே சொன்னார். சொல்லும்போதே அழுதார். ஒரு வாடிக்கையாளர் விஷயத்தை இன்னொருவரிடம் நாங்கள் மூச்சுவிடக் கூடாது. இரண்டு பேரையும் உட்காரவைத்து நாலு வாங்கு வாங்கலாமா என்று வந்தது எனக்கு.

வால்வை மூடினால் அடுத்த கிளையில் அழுத்தம் மாறும். அதனால் அந்தக் கிளைக்காரர்களுக்குத் தகவல் சொல்வது வழக்கம். முந்தின நாள் சொன்னால் போதும். அக்காவின் வால்வை மூட வேண்டியது வெள்ளிக்கிழமை; முசுடு திங்கட்கிழமையே என்னைப் போன் போடச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அழுத்தம் கொஞ்சம் மாறும் என்று தம்பியிடம் சொன்னேன். எந்த வால்வு என்றார். சொல்ல அனுமதியில்லை என்றேன். அவர் கிளைக்கு முன்னால் அந்தக் குழாயில் இருந்ததே ஒரே ஒரு தொழிற்சாலைதான். சரி என்று போனை வைத்துவிட்டார்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். மறுநாள் காலை ஜாமீன் போட வந்து நின்றார். அதில் இரண்டு பேரும் எங்கள் முன்னால் கையெழுத்திட வேண்டும். யார் ஜாமீன் என்று சொல்லாமல் அக்காவை வரச் சொன்னோம். உள்ளே வந்தவர் தம்பியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். முசுடு எழுந்து ஜன்னலுக்குப் போய் வேடிக்கை பார்த்தார். வெளியே வெறும் சுவர்.

தம்பி கையெழுத்துப் போட்டார். நிமிரவில்லை.

"அப்பா மூட்டுன உலை. அதுல இது என் பங்கு."

அக்கா மெல்ல வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை வாங்கிக்கொண்டார்.

"பங்கு கேட்டு வர்றதுக்கு இத்தன வருஷமாடா உனக்கு?"