சைக்கிளுக்குப் பின்னால் வந்த தண்ணீர்

சுடர்விழியின் சைக்கிளுக்குப் பின்னால் காவிரித் தண்ணீர் வந்தது. கல்லணையில் அவள் மிதிக்கத் தொடங்கியபோதே அது பின்சக்கரத் தடத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது என்கிறார்கள். தஞ்சாவூர் தாண்டித்தான் சேர்ந்துகொண்டது என்பவர்களும் உண்டு. எது சரி என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விரல் அகலத்துக்கு, கலங்கலாக, லேசான நுரையோடு வந்தது. அவள் டீ குடிக்க நின்றால் நின்றது. பாலத்தில் ஏறி இறங்கியது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மற்ற வண்டிகளோடு காத்திருந்தது.

சுடர்விழி தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். அதுவரை அவள் கடலுக்குப் போனதெல்லாம் உறவுக்கூட்டத்தோடு வேனில்தான். கணுக்கால் நனைந்ததும் யாராவது ஒரு சித்தப்பா, போதும் வா என்று கூப்பிட்டுவிடுவார். ஒரு தடவையாவது தனியாகப் போய், போதும் என்று தனக்கே தோன்றும்வரை கடலில் நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு வாரம் விடுப்பு எடுத்து, கோடியக்கரைக்குப் புறப்பட்டிருந்தாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

கூத்தாநல்லூரில் பலகாரக் கடை வைத்திருக்கும் ஜன்னத் பீவிதான் முதலில் பார்த்தவர்.

"ஏம்மா, உன் சைக்கிள் ஒழுகுது பாரு."

"சைக்கிள் எப்படிங்க ஒழுகும்?"

"அது எனக்கு என்ன தெரியும். என் கடை வாசல்ல ஒழுகுது, அதான் சொன்னேன்."

தண்ணீர் பாட்டிலின் மூடி சரியில்லை என்று நினைத்து, அதை இறுக்கிவிட்டு சுடர்விழி கிளம்பினாள்.

ஆலங்கோட்டகம் கடைமடை ஊர், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். அங்கிருந்து கடல் ஒரு மணி நேர மிதிப்புதான். அந்த வருடம் அணை உரிய நாளில் திறந்தும் ஆவணிவரை அந்த ஊர் வாய்க்காலில் தண்ணீர் எட்டிப்பார்க்கவில்லை. நேரடியாக விதைத்த சம்பா ஒரு மழைக்கு முளைத்து, அப்படியே மஞ்சளாகிக்கொண்டிருந்தது. பச்சையாக இருந்தது ஊருக்கு வெளியே மணல் திடலை ஒட்டிய பிரகதாம்பாளின் திராட்சைப் பந்தல் மட்டுமே. காரைக்காலில் கல்யாணமாகி, பிரான்சில் பல வருடம் திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்து, கணவர் இறந்த பிறகு கொடிக்குச்சிகளோடு திரும்பி வந்தவர் அவர். தண்ணீர் வராத ஊருக்குத் தண்ணீர் வேண்டாத பயிர் என்பது அவர் கணக்கு. அனுமதி வாங்கி, நெல் கொட்டி வைக்கும் கொட்டகையில் மரப் பீப்பாய்களை அடுக்கி, ஒயின் செய்தார். ஊரில் சிரித்தார்கள். முதல் போகம் நன்றாக வந்தபிறகு குறைவாகச் சிரித்தார்கள்.

உச்சிவெயிலில் சுடர்விழி அங்கே இறங்கினாள். தோட்டத்து வாசல் பலகையைப் பார்த்து, வெறும் தண்ணீர் கேட்கலாம் என்று வந்தவள். எங்கே போகிறாய் என்று கேட்ட பிரகதாம்பாள், கூட யார் என்று கேட்கவில்லை. அன்று முழுக்க அதைக் கேட்காத முதல் ஆள் அவர்தான்.

"குடிச்சிருக்கியா?"

"இல்லக்கா. புளிக்குமா?"

"புளிக்கும். மூஞ்சிய சுளிக்காம குடிச்சா ரெண்டாவது கிளாஸ்."

சுளிக்காமல் குடித்தாள். மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டாள். சைக்கிளைப் பந்தலின் நிழலில் சாய்த்துவிட்டு, பீப்பாய்களின் பக்கத்தில் பாயில் படுத்துத் தூங்கிப்போனாள். அவள் தூங்கியபோது, நின்ற சக்கரத்தின் அடியில் தண்ணீர் வந்து வந்து சேர்ந்தது. அவள் எழுந்தபோது கொடிகள் நாற்றைப்போல முழங்கால் தண்ணீரில் நின்றன. நெல் நிற்கும், திராட்சை நிற்காது. மேட்டில் இருந்த நாலு வரிசை தவிர மற்றதெல்லாம் அந்த வாரமே வேர் அழுகிவிட்டது. பிரகதாம்பாள் தண்ணீரையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உன்னையா திட்டுறது, சைக்கிளையா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குள் மண்வெட்டிகளோடு ஊர் வந்துவிட்டது. வாய்க்காலுக்கு முறை வைக்கும் இளையபெருமாள், சக்கரத்தடியில் ஊறிய தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்து, இது ஆற்றுத் தண்ணீர்தான் என்றார். இது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. யாருக்கு முதலில் என்றுதான் கேட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் ஊர் ஊராக முறை வைத்துப் பாய்ச்சுவது அந்தப் பக்கத்து வழக்கம். அதையே சைக்கிளுக்கும் வைத்தார்கள். முதலில் கீழத்தெரு வயலோரம் சைக்கிள் நிற்கும், பிறகு மேலத்தெரு, பிறகு பக்கத்துக் கோட்டகத்து ஊர்கள்.

"நான் கடலுக்குப் போகணும்ங்க," என்றாள் சுடர்விழி.

"போலாம்மா, யாரு வேணாங்குறா," என்றார் இளையபெருமாள். "ஆனா நீ போனா உன் பின்னாலயே இதுவும் போயிடும்ல. அத்தனையும் கடல்ல போய் வீணாயிடும். ஒரு முறை முடியட்டும்."

ஒரு முறை முடிந்தது. பயிர் நிமிர்ந்தது. மறுபடி மஞ்சளடித்தது. விடுப்பு தீர்ந்தது, பிறகு வேலையும் தீர்ந்தது. அழைத்துப்போக வந்த அம்மா, மகள் போன வழியெல்லாம் வயல் பச்சையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, தனியாகவே திரும்பி பஸ் ஏறினார். ஊர் அவளை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருந்தது. டயர் மாற்றினார்கள், வீட்டுக்கு வீடு சாப்பாடு போட்டார்கள், ஆடிப்பெருக்கில் ஹேண்டில்பாருக்கு மஞ்சள் கயிறு கட்டிக் கும்பிட்டார்கள். ஒரு கார்த்திகையில் அவள் யாரிடமும் சொல்லாமல் தெற்கே மிதித்தாள். யாரும் மறிக்கவில்லை. சாலையோர வயலில் களை பறித்த பெண்கள் நிமிர்ந்து, அவளையும் பின்னால் போகும் தண்ணீரையும் பார்த்தார்கள். ஒரு மைலுக்குள் அவளே திரும்பிவிட்டாள். இப்படி வருடங்கள் போயின.

அந்த வட்டாரத்தில் அவளிடம் தண்ணீர் கேட்காதவர் பிரகதாம்பாள் ஒருவரே. அவள் நிற்க விரும்பியதும் அந்த ஒரு இடத்தில்தான். நின்றால் மீதிக் கொடியும் போகும். அதனால் தூரத்திலேயே மணியடிப்பாள். பிரகதாம்பாள் கிளாஸோடு வாசலுக்கு வருவார். அவள் வட்டமடித்தபடி வாங்கி ஒரு மிடறு குடிப்பாள், அடுத்த வட்டத்தில் திருப்பிக் கொடுப்பாள். பேச்சும் அப்படித்தான், வட்டத்துக்கு ஒரு வரி.

"இந்த வருசம் எப்படிக்கா?"

"கொஞ்சம் துவர்க்குது."

"சுளிச்சேனா?"

"நீ அந்தப் பக்கம் திரும்பிட்ட. பாக்கல."

போன தை மாதம் வழக்கம்போல அணையை மூடினார்கள். வழக்கமாக ஆற்று மணலில் கிடக்கும் ஈரம் பங்குனிவரை அவளோடு ஒட்டிக்கொண்டு வரும். இந்த முறை மாசியிலேயே நின்றுவிட்டது. அறுவடை முடிந்திருந்தது, உளுந்துக்குப் பனி போதும். இளையபெருமாளே வந்து, "இப்ப போய்ட்டு வாம்மா, எங்களுக்கு ஒண்ணும் ஆவப்போறதில்ல," என்றார். பங்குனியின் ஒரு காலையில் அவள் கிளம்பினாள். பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தடம் காய்ந்த புழுதியாக இருந்தது. திராட்சைத் தோட்டம் வந்ததும் மணியடிக்காமல் இறங்கி, ஸ்டாண்டு போட்டாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கடலுக்குப் போகல?"

"ஒரு கிளாஸ் உக்காந்து குடிச்சிட்டுப் போறேன்க்கா."

மெதுவாகக் குடித்தாள். தென்காற்றில் உப்பு வாசம் வந்தது. இரண்டாவது கிளாஸை ஊற்ற எழுந்த பிரகதாம்பாள் சைக்கிளைப் பார்த்துவிட்டு நின்றார். பின்சக்கரத்தின் அடியில் மண் கறுத்திருந்தது. பிறகு மினுங்கியது. அணை மூடிக் கிடந்தது, ஆறு மணலாகக் கிடந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை, தேடவும் இல்லை. சுடர்விழியும் பார்த்தாள். தெற்கே, கடல் பக்கம், கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஈரத்தில் கால் வைத்து நின்றாள். கணுக்கால்வரைகூட வரவில்லை.

பிரகதாம்பாள் போதும் வா என்று சொல்லவில்லை. கொடிகளுக்கு எட்டிவிடாமல் குடம் கழுத்தளவு புதையும் ஆழத்துக்கு ஒரு பள்ளம் தோண்டி, சக்கரத்தின் அடியில் ஒரு குடத்தைப் பதித்தார். அது நிரம்பியதும் அடுத்த குடம் வைத்தார். மத்தியானச் சோற்றை அந்தத் தண்ணீரில்தான் வடித்தார்கள்.