உதாரணக் குடும்பம்

அம்மாவின் பாடை தெருமுனை திரும்பியதும் பிரவீனா குடத்தைக் கவிழ்த்து வாசலைக் கழுவ ஆரம்பித்தாள். ஆண்கள் மயானத்துக்குப் போய்விட்டால் பெண்களுக்கு வீடு கழுவுகிற வேலை. அழுவதற்குக்கூட அதற்கப்புறம்தான் நேரம். பக்கத்து வீட்டுப் பழனாத்தாள் விளக்குமாற்றால் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் காலையில் காங்கேயத்துத் தேங்காய்க் களத்தில் கொப்பரைப் பருப்பு அள்ளிக்கொண்டிருந்த தெய்வாத்தாள் அப்படியே உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. நாற்பத்தாறு வயது. "உங்கம்மா சாப்பிடறதே இல்லையாம்மா? உடம்புல ரத்தமே இல்லை" என்று டாக்டர் மகளிடம் கேட்டார். பிரவீனாவுக்குச் சுருக்கென்றது.

வாசல் ஈரம் காயுமுன் ஆட்டோ வந்து நின்றது. கோயமுத்தூரிலிருந்து விமலாராணி.

"கடைசியா முகத்தைக்கூடப் பார்க்க முடியாமப் போச்சே பிரவீனா" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உண்மையான அழுகைதான்.

இரண்டு வருஷமாக மாதம் ஒருமுறை வருகிற பெண். ஓர் அறக்கட்டளை, கணவனில்லாத நாற்பது குடும்பங்களுக்கு வளர்க்க ஆடுகளும், பிள்ளைகளின் படிப்புச் செலவும் கொடுத்து வந்தது. அவர்கள் சொந்தக்காலில் நிற்கிறார்களா என்று பார்த்து எழுதத்தான் விமலாராணிக்கு ஆராய்ச்சி உதவித்தொகை. எல்லோரும் நன்றாக நிற்கிறார்கள் என்று அவள் எழுதிவிட்டால் உதவி நின்றுவிடும்.

தெய்வாத்தாளோ, அவள் வருகிற அன்று மட்டும் கடையில் கால் லிட்டர் பால் வாங்கிக் காபி போடுவாள். மூன்று வேளைச் சாப்பாடு உண்டா என்றால், "அதுக்கென்னுங்க கொறைச்சல்?" என்பாள். "வந்த புள்ளைகிட்டப் பஞ்சப்பாட்டு பாடுவாங்களா?" என்று மகள் வாயையும் அடைத்துவிடுவாள். தெருவில் எல்லா வீட்டிலும் இதே கூத்துதான். விமலாராணி காபியைக் குடித்துவிட்டு, தினமும் பால் உண்டு என்று குறித்துக்கொள்வாள். படித்த பெண்ணுக்கு இதுகூடவா தெரியாது!

"உங்கம்மாவைத்தான் முதல் உதாரணக் குடும்பமா எழுதியிருக்கேன்" என்றாள் விமலாராணி, ஆறுதலாக. "திங்கட்கிழமை அறிக்கையைக் கொடுக்கறேன். அவங்க பேர் நிக்கும் பிரவீனா."

பிரவீனா குடத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாய்க்குப் போனாள். பழனாத்தாள் பின்னாலேயே வந்தாள்.

"வாயத் தொறக்காத கண்ணு. செத்தவ மானத்தைச் சந்தியில இழுக்காத."

"எனக்குப் படிப்பு முடிஞ்சுதுங்க அத்தை. உங்க மக நித்யஸ்ரீக்கு இன்னும் பாக்கியிருக்கு. உதவிய நிறுத்திப்போட்டா அவ என்ன பண்ணுவா?"

"அதை நான் பாத்துக்கறேன். எங்களுக்கும் ரோசம் இருக்குது."

அம்மாவின் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது பிரவீனாவுக்கு. செத்தவள் மேல் கோபப்படலாமா என்றும் தோன்றியது. படத்தான் வேண்டும் என்று முடிவு செய்தாள். குடம் நிரம்பி வழிந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு முன்பக்கம் வந்தாள்.

"அக்கா, அந்த மிஷின் கொண்டாந்திருக்கீங்களா? எங்கூட்டுக் கேள்வியெல்லாம் மறுக்காக் கேளுங்க."

"இன்னைக்கா? வேண்டாம்மா..."

"இன்னைக்குத்தானுங்க. அம்மா சொன்னதெல்லாம் பொய்யிங்க."

விமலாராணி பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தாள். முடித்து வைத்திருந்த அறிக்கையை மூடிவிட்டுப் பழைய கேள்விகளைத் திறந்தாள். இரண்டு வருஷத்து உழைப்பு அது. "மூணு வேளை..." என்று ஆரம்பித்தாள்.

"இல்லீங்க. எனக்கு மூணு வேளை. அம்மாவுக்கு ஒண்ணு. சில நாள் அதுவும் இல்லீங்க."

வாசலில் அழுது ஓய்ந்திருந்த பெண்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். பிரவீனா ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னாள். குரல் எங்கேயும் உடையவில்லை. விமலாராணி முகத்தைத் துடைத்துத் துடைத்து எழுதினாள்.

பழனாத்தாள் நிலைப்படியில் நின்று கடைசிக் கேள்வி வரைக்கும் கேட்டாள். பிறகு விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்து, ஈரத்தரையில் விமலாராணிக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"என்ர ஊட்டையும் மொதல்ல இருந்து கேளுங்க அம்மணி."

விமலாராணி கேட்டாள்.

பழனாத்தாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். நித்யஸ்ரீ வாசலோரம் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ராத்திரிச் சோறு அவளுக்கு மட்டுந்தானுங்க" என்றாள் பழனாத்தாள்.

நித்யஸ்ரீயின் கையிலிருந்த பாத்திரம் அந்தரத்தில் நின்றது.